ஐந்து தோள்கள்

1979 ஏப்ரல் 17. ஓக்லண்ட் கொலீசியத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 653. ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானம் அது. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்து நிற்கிற கூட்டமே இதைவிட அதிகம் இருக்கும். அந்த வருடம் ஓக்லண்ட் அணி 162 ஆட்டங்களில் 108-ல் தோற்றது.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பாலுக்கு வந்தது நைட் ஷிஃப்ட் வழியாக. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற வேலை. இங்கே விடிகாலை நாலரை மணி என்றால் அங்கே கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி, ஆட்டம் தொடங்குகிற நேரம். கேன்டீன் டிவியில் ஓடும். முதல் ஆறு மாசம் ஒன்றும் புரியவில்லை. யாரோ எறிகிறார்கள், யாரோ அடிக்காமல் திரும்பிப் போகிறார்கள். ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஸ்கோர்கார்டு படிக்கிற பைத்தியம் உண்டு. பேஸ்பால் அந்தப் பைத்தியத்துக்குக் கடலைத் திறந்துவிட்டது. நூறு வருடத்துக்கும் மேலான கணக்கு, ஆட்டம் ஆட்டமாக, ஆள் ஆளாக.

அப்படி மேய்ந்துகொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் அந்த எண்ணில் போய் முட்டினேன். 94.

அது என்னவென்று சொல்ல, கொஞ்சம் விளையாட்டைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்ச்சர். கிரிக்கெட்டில் பத்து ஓவருக்குள் நாலைந்து பௌலர்களைப் பார்த்துவிடுவோம். இங்கே ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்ச்சர் ஒருவரே, தன் அணி ஃபீல்டிங் செய்யும்போதெல்லாம், எதிரணியின் எல்லா பேட்டர்களுக்கும் எறிவார். அவர் களைத்தால் மேனேஜர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு, புல்பென்னில் காத்திருக்கும் வேறொருவரிடம் கொடுப்பார். வாங்கிக்கொள்ளாமல், ஒன்பது இன்னிங்ஸையும் அவரே எறிந்து முடித்தால் அது ‘முழு ஆட்டம்’. இன்னொரு விசித்திரம், வெற்றி தோல்வி அணிக்கு மட்டுமல்ல, பிட்ச்சரின் பெயரிலும் எழுதப்படும். நம் பும்ராவின் பெயருக்குப் பக்கத்தில் ‘16 வெற்றி, 13 தோல்வி’ என்று போட்டால் எப்படியிருக்கும்? அப்படி. சக ஆட்டக்காரர்கள் ரன்னே எடுக்காவிட்டாலும் தோல்வி அவர் கணக்கில்தான்.

2024 சீசனில் மேஜர் லீகின் 30 அணிகளும் சேர்ந்து எறிந்த முழு ஆட்டங்கள் 28. 1980-ல் ஓக்லண்ட் அணி மட்டும் தனியாக எறிந்தது 94. அதில் 93, ஐந்தே பேருடையது. ரிக் லாங்ஃபோர்ட் 28, மைக் நாரிஸ் 24, மாட் கியோ 20, ஸ்டீவ் மெக்கேட்டி 11, பிரையன் கிங்மேன் 10.

காலம் வேறு என்பீர்கள். உண்மைதான், அப்போது எல்லா அணியிலும் முழு ஆட்டங்கள் சகஜம். ஆனாலும் அந்தக் காலத்து ஆட்களே புருவம் தூக்கிய எண் இது. லாங்ஃபோர்ட் தொடர்ந்து 22 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார். மெக்கேட்டி சியாட்டிலுக்கு எதிராக ஒரே நாளில் 14 இன்னிங்ஸ் எறிந்தார். எறிந்தும் தோற்றார்.

சரி, 653 பேர் வந்த அணி எப்படி ஒரே வருடத்தில் இங்கே வந்தது?

*

ஓக்லண்டின் முதலாளி சார்லி ஃபின்லி. இன்ஷூரன்ஸில் பணம் பார்த்தவர், இருந்தது சிகாகோவில். 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று உலகத் தொடர்களை வென்ற அணி அவருடையது. பிறகு ஆட்டக்காரர்களுக்கு, ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகிற உரிமை கிடைத்தது. ஃபின்லி சம்பளத்தைக் கூட்ட மனமில்லாதவர். சும்மா விட்டுவிடுவதைவிட விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1976-ல் வைடா ப்ளூவை 15 லட்சம் டாலருக்கும், ஜோ ரூடியையும் ரோலி ஃபிங்கர்ஸையும் தலைக்கு 10 லட்சத்துக்கும் விற்றார். பேஸ்பால் கமிஷனர் அந்த விற்பனைகளையே ரத்து செய்தார். ரத்து செய்து என்ன ஆயிற்று, சில வருடங்களில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது காலி மைதானமும் கொஞ்சம் பையன்களும். அணியையே டென்வருக்கு விற்கிற பேச்சுவார்த்தை வேறு விட்டு விட்டு நடந்தது.

நிர்வாகம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சிகாகோவில் இருக்கும் முதலாளிக்கு ஓக்லண்டில் ஆட்டம் எப்படிப் போகிறது என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்த ஆட்களில் ஒருவன், மைதானத்தில் எடுபிடி வேலை பார்த்த ஸ்டான்லி பர்ரல் என்ற சிறுவன். பேஸ்பால் ஜாம்பவான் ஹாங்க் ஏரனின் சாயல் இருந்ததால் அவனை ‘ஹாமர்’ என்று கூப்பிட்டார்கள். பின்னாளில் பேகி பேன்ட் போட்டு ஆடி உலகத்தையே ஆடவைத்த எம்.சி. ஹாமர் அவன்தான்.

இந்தக் காலி மைதானத்தில் எறிந்துகொண்டிருந்தவர்களில் நான் அதிகம் யோசித்தது மாட் கியோவைப் பற்றி. அவருடைய அப்பாவும் மேஜர் லீகில் ஆடியவர். மாட் ஆரம்பத்தில் இன்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தவர், பிறகுதான் பிட்ச்சர் ஆனார். 1978-ல், முதல் முழு வருடத்திலேயே ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார். அடுத்த வருடம், 1979-ல், முதல் 14 முடிவுகளும் தோல்வி. முந்தைய வருடக் கடைசியில் தோற்ற நாலையும் சேர்த்தால் தொடர்ந்து 18. ஏப்ரலில் தொடங்கிய சீசனில் முதல் வெற்றி வந்தது செப்டம்பரில். வருட முடிவில் 2 வெற்றி, 17 தோல்வி. வயது 24.

இருபத்துநாலு வயதில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, ஆளில்லாத மைதானத்தின் நடுவிலிருக்கும் மண்மேட்டில் ஏறி நின்று தோற்பது. அதைத்தான் ‘வளர்கிறான்’ என்று சொல்வார்கள். மோசமான அணிகளின் பாஷையில் ‘வளர்வது’ என்றால் பெரும்பாலும் ‘பொதுவெளியில் அடி வாங்குவது’ என்று அர்த்தம். நல்ல அணியில் இருந்தால் கியோவை மைனர் லீகுக்கு அனுப்பியிருப்பார்கள், ஒரு ஓரத்தில் வைத்துத் தேற்றியிருப்பார்கள். இங்கே மாற்று ஆள் கிடையாது. எறி.

லாங்ஃபோர்டும் அதே கதைதான். 1977-ல் 8 வெற்றி, 19 தோல்வி. நாரிஸ் 1975-ல் இருபது வயதில் அறிமுகமான முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தவர். அதே வருடம் முழங்கையில் ஆபரேஷன். பிறகு நாலு வருடம் உள்ளேயும் வெளியேயுமாக அலைந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை தோல்வியிலும் நாரிஸைத் தவிர மற்றவர்களின் கை நன்றாகத்தான் இருந்தது. தோற்கிற பிட்ச்சரிடமிருந்து மேனேஜர் சீக்கிரம் பந்தை வாங்கிவிடுவார். நாலாவது இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தவனைக் குளிக்க அனுப்பிவிடுவார்கள். மனசு நொறுங்கும், தோள் பிழைக்கும்.

*

1980 பிப்ரவரியில் ஃபின்லி புது மேனேஜரைக் கொண்டுவந்தார். பில்லி மார்ட்டின். பக்கத்து பெர்க்லியில் பிறந்தவர், இளவயதில் ஓக்லண்டிலேயே ஆடியவர். நாலு மாதம் முன்புதான், ஒரு ஹோட்டலில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் விற்கும் பிரதிநிதி ஒருவரை அடித்த விவகாரத்தில் நியூயார்க் யாங்கீஸ் அவரை வேலையிலிருந்து தூக்கியிருந்தது. நான் கதை விடவில்லை, ஆவணத்தில் உள்ளது.

மார்ட்டினின் வரலாறே ஒரு மாதிரித்தான். எந்த அணிக்குப் போனாலும் உடனே ஜெயிக்க வைப்பார், இரண்டு மூன்று வருடத்தில் துரத்தப்படுவார். மினசோட்டா, டெட்ராய்ட், டெக்ஸஸ், நியூயார்க். டெட்ராய்ட்டில் அவர் கீழ் 1971-ல் மிக்கி லோலிச் 376 இன்னிங்ஸ் எறிந்தார். 1973-ல் 105 ஆட்டங்கள் தோற்ற டெக்ஸஸை அடுத்த வருடமே வெற்றிக் கணக்குக்குத் தூக்கினார். அதற்கு ஃபெர்கி ஜென்கின்ஸ் 328 இன்னிங்ஸ் எறிய வேண்டியிருந்தது. இன்று ஒரு பிட்ச்சர் வருடத்துக்கு 200 எறிந்தாலே இரும்பு மனிதன் என்கிறார்கள்.

டெக்ஸஸ் என்றதும் டேவிட் க்ளைட் ஞாபகம் வருகிறது. பாதை விலகித்தான் போகிறேன், ஆனால் அந்தப் பையனைச் சொல்லாமல் போக முடியாது. 1973 ஜூனில் ஹைஸ்கூல் முடித்த கையோடு, மைனர் லீகில் ஒரு நாள்கூட இருக்காமல், பதினெட்டு வயதில் நேராக மேஜர் லீக் மேட்டில் ஏற்றினார்கள். அணி மோசம், முதலாளிக்குப் பணமுடை, டிக்கெட் விற்க ஒரு முகம் வேண்டும். ஜூன் 27 அன்று அந்த மைதானம் முதன்முறையாக நிரம்பியது. முதல் இரண்டு பேட்டர்களுக்கு ஸ்ட்ரைக் எல்லைக்குள் எறிய முடியாமல் ‘வாக்’ கொடுத்தான், அடுத்த மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஜெயித்தான். இரண்டே ஆட்டம் ஆடவிட்டு மைனர் லீகுக்கு அனுப்பிப் பழக்குவதுதான் திட்டம். கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அந்த செப்டம்பரில் டெக்ஸஸுக்கு மேனேஜராக வந்தவர் மார்ட்டின். க்ளைடின் மேஜர் லீக் வாழ்க்கை 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979-ல் முடிந்தது. அப்போது வயது 24.

மார்ட்டின் ஓக்லண்டுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது நல்ல இளம் பிட்ச்சர்கள் ஐவரும், நம்பிக்கை இல்லாத ஒரு புல்பென்னும். அவர் போட்ட கணக்கு எளிமையானது. களைத்துப்போன நாரிஸ், புத்துணர்ச்சியோடு இருக்கும் ஏழாவது பிட்ச்சரைவிட மேல். ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பார்த்தால் அது சரியான கணக்கும்கூட. அதுதான் இதில் சிக்கல். தப்பான முடிவு என்று எந்த ஒரு நாளையும் சுட்டிக்காட்ட முடியாது. 94 தடவையும் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும்.

பலன் உடனே கிடைத்தது. 54 வெற்றியிலிருந்து 83 வெற்றி. கியோ 2-17லிருந்து 16-13க்கு வந்து, மீண்டுவந்த ஆட்டக்காரருக்கான விருது வாங்கினார். நாரிஸ் 22 வெற்றி, 9 தோல்வி. அந்த வருடத்தின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதில் மயிரிழையில் இரண்டாமிடம். கிங்மேன் மட்டும் பாவம், அதே அணியில் 8-20. அவர் எறிகிற நாளில் மட்டும் மற்றவர்களின் மட்டை தூங்கிவிடும். அணியின் 83 வெற்றியில் 79 இந்த ஐவர் பெயரில். ஆகஸ்டில் ஃபின்லி அணியை ஹாஸ் குடும்பத்துக்கு விற்க ஒப்புக்கொண்டார். லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக்காரர்கள். அணி டென்வருக்குப் போகவில்லை, ஓக்லண்டிலேயே நின்றது.

1981 இன்னும் ஜோர். சீசனின் முதல் 11 ஆட்டங்களும் வெற்றி. ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை ஐவரையும் ஒன்றாக நிறுத்தி அட்டைப்படம் போட்டது. ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பாதியில் அறுபட்ட அந்த சீசனில் 109 ஆட்டங்களில் 60 முழு ஆட்டங்கள். மெக்கேட்டி லீகிலேயே குறைவாக ரன் கொடுத்தவர். பார்வையாளர்கள் 13 லட்சத்தைத் தொட்டார்கள். இரண்டு வருடம் முன்பு மொத்த சீசனுக்கும் 3 லட்சம்.

அந்த அட்டைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும், படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

1982-ல் அணி 94 ஆட்டங்கள் தோற்றது. மார்ட்டினை வழக்கம்போல அனுப்பிவிட்டார்கள். நாரிஸுக்குத் தோளில் ஆபரேஷன். 1980-ல் 290 இன்னிங்ஸ் எறிந்த லாங்ஃபோர்ட் 1983-ல் ஏழு ஆட்டம்தான் தொடங்க முடிந்தது. கியோவை யாங்கீஸுக்கு மாற்றினார்கள், கொஞ்ச காலத்தில் அவர் ஜப்பானுக்குப் போய் ஹான்ஷின் டைகர்ஸில் எறிந்தார். கிங்மேன் 1983-ல் மூன்று ஆட்டம், அவ்வளவுதான். மெக்கேட்டி 1985 வரை இழுத்துப் பிடித்தார். 1983 தொடங்கி அவர்கள் ஆடிய எல்லா வருடங்களையும் கூட்டினாலும் ஐவரும் சேர்ந்து மேஜர் லீகில் 40 வெற்றியைத் தொடவில்லை. 1980-ல் ஒரே வருடத்தில் 79.

*

மார்ட்டின்தான் இதைச் செய்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். பலர் முடித்திருக்கிறார்கள். ஆனால் கதை அவ்வளவு சுத்தமாக இல்லை. நாரிஸுக்கு கொக்கெய்ன் பழக்கம் இருந்தது. 1981-ல் வேலைநிறுத்தம் சூடாக இருந்த கைகளை மாசக்கணக்கில் ஆறப்போட்டு மறுபடி எறியச் சொன்னது. அந்தக் காலத்தில் ஒருவர் ஒரு ஆட்டத்தில் எத்தனை பந்து எறிந்தார் என்ற கணக்கே முறையாகப் பதிவாகவில்லை. 1988-லிருந்துதான் அது ஒழுங்காகக் கிடைக்கிறது.

1989-ல் க்ரெய்க் ரைட் என்ற ஆய்வாளர், டாம் ஹவுஸ் என்ற பிட்ச்சிங் கோச்சோடு சேர்ந்து வெளியிட்ட ‘தி டைமண்ட் அப்ரைஸ்ட்’ புத்தகத்தில், இளம் பிட்ச்சர்கள் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை பேட்டர்களைச் சந்தித்தார்கள் என்று எண்ணிப் பார்த்து, இருபதுகளின் முதல் பாதியில் அதிகம் சுமந்தவர்கள் சீக்கிரம் உடைகிறார்கள் என்று வாதிட்டார். உடம்பு முற்றுவதற்குள் சுமையேற்றாதே என்பதுதான் சாரம். மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் எண்ணாக எழுதினால்தான் முதலாளிகளுக்குக் கேட்கும்.

உடம்பின் கணக்கு இதுதான். தலைக்கு மேலே முழு வேகத்தில் கையைச் சுழற்றித் திரும்பத் திரும்ப எறிவது மனிதத் தோளுக்குப் பெரும் சுமை. பந்து கையைவிட்டுப் போனபின் அந்தச் சுழற்சியைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். முதலில் களைப்பவை அவைதான். அவை களைத்ததும் ஆள் தன்னையறியாமல் எறிகிற விதத்தை மாற்றுவான். முழங்கை தாழும், கால் சரியாக ஊன்றாது. அப்படி எறிகிற பந்துகள்தான் ஆபத்து. ஏழு இன்னிங்ஸ் வரை எறிந்த நூறு பந்தைவிட, ஒன்பதாவது இன்னிங்ஸில் எறிகிற கடைசிப் பதினைந்து பந்து அதிகம் தின்னும். ஜெயித்துக்கொண்டிருப்பவன்தான் ஒன்பதாவது இன்னிங்ஸில் மேட்டில் நிற்பான். 1979-ல் கியோவைக் காப்பாற்றியது தோல்விதான் என்று எனக்குத் தோன்றுவது அதனால்.

ஐவரும் அப்பாவிகள், ஒருவர் அவர்களைப் பிழிந்தார் என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்கு என் பெரியப்பா மகன் காரணம். எங்கள் ஊர் கிளப்புக்கு மேட்டிங் விக்கெட்டில் வேகப்பந்து போட்டவன். பத்தொன்பது வயசு. கிளப்பில் உருப்படியான பௌலர் அவன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச். இரண்டிலும் கேப்டன் பந்தை அவனிடம்தான் கொடுப்பார், அவனும் திருப்பிக் கொடுக்கவே மாட்டான். இரண்டு வருடம் ஊரே அவனைத் தூக்கி வைத்து ஆடியது. இப்போது அவனால் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்க முடியாது.

“கேப்டன் மேல கோவம் இல்லையாண்ணா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவர் கேட்டாருடா, முடியுமான்னு. ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. நான்தான் முடியும்னேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வயசுல யாராச்சும் முடியாதுன்னு சொல்லுவானா?” என்றான்.

653 பேர் முன்னால் 2-17 தோற்ற ஒருவனிடம், முப்பதாயிரம் பேர் கத்துகிற ராத்திரியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் போய் ‘முடியுமா?’ என்று கேட்டால் என்ன சொல்வான்? கேள்வி கேட்கிற உரிமையை அவனிடமே விட்டுவிடக் கூடாது என்பதுதான் மேனேஜர் என்று ஒருவரை வைத்திருப்பதன் காரணம்.

*

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு அட்லாண்டாவைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் சின்னதாக.

1988-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் 106 ஆட்டங்கள் தோற்றது. 22 வயது டாம் க்ளேவின் 7 வெற்றி, 17 தோல்வி. இவர் பனி ஹாக்கியிலும் தொழில்முறை அணியால் தேர்வு செய்யப்பட்டவர், ‘இதுக்கு அதுவே தேவலை’ என்று நிச்சயம் ஒருநாளாவது நினைத்திருப்பார். அவரோடு ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன், 2-7. இரண்டு வருடம் கழித்து ஸ்டீவ் ஏவ்ரி என்ற இருபது வயதுப் பையன் வந்தான், 3-11. அணியின் பொது மேலாளர் பாபி காக்ஸ், அவசரத்துக்கு இவர்களைக் கொடுத்து வேறு ஆட்களை வாங்கவில்லை. அடி வாங்கட்டும் என்று விட்டார், ஆனால் அளவோடு. 1989 வசந்த காலப் பயிற்சியில் க்ளேவின் தரையில் கிடந்த ஒரு பந்தை எடுக்கும்போது விரல்கள் ஒரு மாதிரி படிந்தன. அந்தப் பிடியிலிருந்து பிறந்தது அவருடைய மெதுவான பந்து, சேஞ்ச் அப். பிறகு இருபது வருடம் அவருக்குச் சோறு போட்டது அதுதான். ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்றிருக்கிற அணியில் புதுப் பிடியைச் சோதித்துப் பார்க்க ஒருவனை விடுவார்களா என்று தெரியவில்லை.

1990-ல் காக்ஸே மேனேஜராக இறங்கி வந்தார், கூடவே லியோ மஸோனி என்ற பிட்ச்சிங் கோச். ஆட்டங்களுக்கு நடுவே ஒருமுறைக்குப் பதில் இருமுறை, ஆனால் வலிக்காத வேகத்தில் எறிந்து பழகு என்பது அவர் முறை. 1991-ல் அணி 94 ஆட்டங்கள் ஜெயித்து உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. க்ளேவின் 305 வெற்றியோடு ஓய்வு பெற்றார். அவரும் ஸ்மோல்ட்ஸும் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல பாடம் மாதிரி இருக்கும். ஆனால் மூன்றாவது பையன் இருக்கிறானே. ஏவ்ரி 1991-ல் 21 வயதில் 18 ஆட்டம் ஜெயித்தான். அந்த வருட லீக் இறுதித் தொடரில் 16 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்த மூவரில் அவன்தான் மேல் என்று சொன்னவர்கள் உண்டு. வருடத்துக்கு 210, 233, 223 இன்னிங்ஸ் என்று மூன்று வருடம். 1993 செப்டம்பரில் அக்குள் பக்கத்தில் தசை பிடித்தது. அப்போது அவனுக்கு 23. பிறகு அந்தப் பந்து திரும்பி வரவேயில்லை. பொறுமையான அணி, நல்ல கோச், அளவான சுமை, அப்படியும் மூன்றில் ஒன்று போயிற்று. மார்ட்டினிடம் ஐந்துக்கு ஐந்து. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் மனிதர்களால் செய்ய முடிந்தது போல.

*

பிரையன் கிங்மேன் ஞாபகம் இருக்கிறதா, 8-20? அவருக்குப் பிறகு வெகுகாலம் யாரும் ஒரு சீசனில் 20 ஆட்டம் தோற்கவில்லை. ‘கடைசியாக இருபது தோற்றவர்’ என்ற பட்டத்தை அவர் ரசிக்க ஆரம்பித்துவிட்டார். யாராவது இருபதை நெருங்கினால், அது நடக்காமல் இருக்க ஒரு வூடூ பொம்மையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போவார். 2003-ல் பொம்மை தோற்றது. 119 ஆட்டங்கள் தோற்ற டெட்ராய்ட் அணியின் மைக் மரோத், 9-21. அதே அணியில் இருபது வயது ஜெரமி பாண்டர்மேன் 19 தோல்வியில் இருந்தபோது, அந்த அவப்பெயர் வேண்டாம் என்று மேனேஜர் அவனை புல்பென்னுக்கு மாற்றினார். மூன்று வருடம் கழித்து பாண்டர்மேன் உலகத் தொடரில் எறிந்தான்.

ஓக்லண்டில் ஹாஸ் குடும்பம் அணியை வளர்த்தது, 1989-ல் உலகத் தொடரையும் வென்றது. அந்த ஐவரில் ஒருவரும் அதில் இல்லை. 1980-ல் அந்த முழு ஆட்டங்கள் நடக்காமல், கூட்டம் திரும்பாமல் இருந்திருந்தால் அணி அப்போதே ஊரைவிட்டுப் போயிருக்குமா? போயிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஐந்து தோளைக் கொடுத்து ஓக்லண்ட் நாற்பத்துச் சொச்ச வருடம் வாங்கியது. 2024 செப்டம்பர் 26 அன்று அதே கொலீசியத்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தார்கள். பிறகு அணி போய்விட்டது.

நாரிஸைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு அவர் மேஜர் லீகில் இல்லை. ஆபரேஷன், போதை, மைனர் லீகுகள். 1990-ல், 35 வயதில், ஓக்லண்டே அவரை மறுபடி அழைத்துக்கொண்டது. பெரிய வேலை ஒன்றும் கொடுக்கவில்லை, புல்பென்னிலிருந்து வந்து ஓரிரு இன்னிங்ஸ் எறிந்துவிட்டுப் போக வேண்டும். கோடையின் நடுவில் விடுவித்துவிட்டார்கள். அந்த வருட வரிசையில் அவர் பெயருக்கு எதிரே இப்படி இருக்கிறது. ஆட்டங்கள் 14. இன்னிங்ஸ் 27. வெற்றி 1, தோல்வி 0. முழு ஆட்டங்கள் 0.